வான் கூரை ஒழுகுதா? சிலிக்கன் ரியூப்பை முதலில் கீழே வையுங்கள்

மாங்குளத்தில் பெய்த மழை முறிகண்டிக்கு வருமுன்னமே விட்டுவிட்டது. வெயில்கூட எறித்தது. கோயிலடியில் வழமைபோல வானை ஓரங்கட்டப் பிறேக்கை மிதித்தேன். முன் சீற்றில் இருந்த மாமியின் தலையில், கூரை லைற்றுக்குள்ளால் ஒரு செம்புத் தண்ணீர் அப்படியே கொட்டியது. "பிள்ளையாருக்கு முதல் எனக்கோ அபிஷேகம்?" என்று கேட்டுக்கொண்டே மாமி இறங்கிப் போனா.

எங்களுடையது பழைய டொயோட்டா டவுன்ஏஸ் வான். பின் சீற்றுகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் அடித்து வைத்திருக்கிறோம். மடுத் திருவிழாவுக்கோ வற்றாப்பளைப் பொங்கலுக்கோ போனால் அதிலேயே படுத்து எழும்புவோம். கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி, அதுதான் சன்ரூப், இருப்பதால் இரவில் காற்றுக்குக் குறைவில்லை. மழை வந்தால்தான் வில்லங்கம்.

மழை விட்டு அரை மணித்தியாலம் கழித்து, அதுவும் பிறேக் பிடிக்கையில் தண்ணீர் கொட்டினால் என்ன அர்த்தம்? அன்றைக்கு நான் அதை யோசிக்கவில்லை. நேரே ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். "றபர் இறுகிப் போச்சு தம்பி, சிலிக்கன் அடிச்சு விடுறன், ஒரு சொட்டு வராது" என்றார் அங்கிருந்தவர். அடித்தார். கண்ணாடியைச் சுற்றி அடித்ததோடு நிற்காமல், உள்ளே மூலையில் தெரிந்த ஓட்டையையும் "இதாலதான் இறங்குது" என்று சேர்த்து அடைத்துவிட்டார். அடுத்த மழைக்கு மாமி இருந்த பக்கம் மட்டுமல்ல, என் பக்கமும் நனைந்தது.

அவர் அடைத்த அந்த ஓட்டைதான் தண்ணீர் வெளியே போகிற வழி. சன்ரூப் றபர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும். செய்தவர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கண்ணாடியைச் சுற்றிக் கீழே ஒரு பீலி வைத்திருக்கிறார்கள், ஓட்டு வீட்டுக்கு இருப்பது போலவே. பீலியின் மூலைகளில், பெரும்பாலும் நான்கிலும், விரலிலும் மெல்லிய குழாய்கள் பொருத்தியிருக்கும். முன் குழாய்கள் முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்களுக்குள்ளாலும், பின் குழாய்கள் பின் தூண்களுக்குள்ளாலும் இறங்கி வானுக்கு வெளியே தண்ணீரை விடும். குழாய் அடைபட்டால் பீலி நிரம்பும். வான் முன்னுக்குக் குனிந்தால் நிரம்பிய தண்ணீர் வழிந்து, கூரைத் துணிக்கு மேலால் ஓடி, கிடைத்த ஓட்டையால், அதாவது லைற்றால், இறங்கும். முறிகண்டியில் நடந்தது இவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இது ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கு வான் நிற்கிற இடத்தைப் பார்த்தால் போதும். கோடை முழுக்கக் கிறவல் ரோட்டுப் புழுதி. நிழலுக்கு நிறுத்துவது வேம்புக்குக் கீழே, இல்லாவிட்டால் புளிக்குக் கீழே. புளியிலை எவ்வளவு சின்னது என்று தெரியும்தானே, அந்தக் குழாய் வாய்க்கென்றே அளவெடுத்து வெட்டியது போல இருக்கும். புழுதியும் இலையும் முதல் மழையில் குழைந்து, சேறாகி, குழாய்க்குள் இறுகிவிடும். அதனால்தான் ஒக்ரோபரில் மாரி தொடங்கும் முதல் கிழமையிலேயே எல்லா வானும் ஒன்றாக ஒழுகத் தொடங்குகின்றன.

சரி, என் வானுக்கும் பிறருடைய வான்களுக்கும் நடந்த பிழைகளைச் சொல்கிறேன்.

சிலிக்கன் பற்றி இன்னும் ஒன்று. கடையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானது வினாகிரி மணக்கும். அந்த மணம் அசற்றிக் அமிலத்தின் மணம். வெறும் தகரத்தில் பட்டால் துருவைக் கூப்பிடும். அதோடு சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ற் பிடிக்காது, வேறு பசையும் ஒட்டாது. திறந்து மூடும் கண்ணாடிக்கு அதைப் பூசினால், ஒருமுறை திறந்ததும் கிழியும், கிழிந்த துண்டுகள் போய் விழுவதும் பீலிக்குள்தான். எனக்கு அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பிளேட்டால் சுரண்டாதீர்கள், பெயின்ற்றைக் கீறிவிடும். பழைய பிளாஸ்டிக் வங்கி அட்டை நல்லது.

அடுத்தது, ஓஸ் பைப்பை முழு வேகத்தில் கூரைக்குப் பிடித்துச் சோதிப்பது. எல்லாப் பக்கத்தாலும் தண்ணீர் வரும், எதுவும் விளங்காது. சன்ரூப்பைத் திறந்து, அரை லீற்றர் போத்தலால் ஒரு மூலைக்கு மட்டும் மெல்ல ஊற்றுங்கள். ஒருவர் கீழே குந்தியிருந்து பார்க்கட்டும். ஊற்றுகிற வேகத்திலேயே கீழே ஒழுகினால் அந்த மூலை சுகம். தேங்கி நின்றால் அடைப்பு. ஊற்றிய தண்ணீர் பீலியிலும் நிற்காமல் கீழேயும் வராமல் மாயமானால் குழாய் எங்கோ கழன்றோ வெடித்தோ இருக்கிறது. அப்போது மட்டும்தான் கூரைத் துணியை இறக்க வேண்டும். எடுத்தவுடனேயே கூரைத் துணியைக் கழற்றுகிறவர்கள் உண்டு. பழைய வானில் அதன் கிளிப்புகள் காய்ந்து போயிருக்கும். கழற்றினால் பாதி உடையும், அந்தச் சாமான் தேடுவது தனிக் கதை.

அடைப்பை எடுக்கும்போதுதான் ஆகப்பெரிய சேதம் நடக்கிறது. கட்டுக்கம்பியை விட்டுக் குத்துவார்கள். முப்பது வருடம் வெயிலில் கிடந்த குழாய் அது, கம்பி சுவரைக் கிழித்துக்கொண்டு போகும். இன்னும் சிலர் ரயர் கடையில் கொம்பிரசர் காற்றை மேலிருந்து அடிப்பார்கள். "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும், தண்ணீரும் உடனே இறங்கும், எல்லாருக்கும் சந்தோசம். அந்தச் சத்தம் குழாய் பீலியிலிருந்து கழன்ற சத்தமாகவும் இருக்கலாம். அப்படியானால் இனி தண்ணீர் இறங்குவது தூணுக்குள்.

நான் பாவித்தது மொத்தத் தங்கூசி, புல்வெட்டும் மெசினுக்குப் போடுகிற நூல். நுனியை நெருப்பில் லேசாகக் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, சுழற்றிச் சுழற்றி மெல்ல விட்டேன். இடதுபக்கக் குழாயில் ஒரு முழம் போனதும் தட்டியது. கீழ்வாயைப் போய்ப் பார்த்தால், வேட்டாளன் குளவி அதற்குள் களிமண் வைத்து வடிவாகப் பூசியிருக்கிறது. மேலே நின்று எவ்வளவு குத்தினாலும் அது அசையாது, கீழே இருந்துதான் நனைத்து எடுக்க வேண்டும். சில வான்களில் அந்தக் கீழ்வாயில் கீறல் போட்ட சின்ன றபர் மூடி இருக்கும், விரலால் நசுக்கிவிட்டால் சேறு கழன்று விழும். சேர்விஸ் செய்கையில் அடிப்பக்கத்துக்கு அண்டர்கோட், அதுதான் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற கறுப்புப் பூச்சு, அடிக்கக் கொடுக்கிறீர்களென்றால், இந்த வாய்களைக் காட்டி, ரேப் ஒட்டச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கறுப்பு மை அடைத்தால் தங்கூசிக்கும் அசையாது.

றபருக்கு கிறீஸ், எஞ்சின் ஒயில், வாசலீன் பூசுவது நல்ல எண்ணத்தில் செய்கிற பிழை. ஒரு கிழமைக்குப் பளபளக்கும், பிறகு உப்பி இளகிவிடும். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கன் ஸ்பிறே கொஞ்சம் துணியில் எடுத்துத் தடவினால் போதும். (பெயர் ஒன்று என்றாலும் அந்த ரியூப் சிலிக்கன் வேறு, இது வேறு.) றபர் மாற்ற வேண்டுமா என்று பார்க்க, ஒரு இருபது ரூபாய்த் தாளை இடையில் வைத்துக் கண்ணாடியை மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிவர எல்லா இடத்திலும் இறுக்கம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால், றபரை விடக் கண்ணாடி சரிந்து இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கூரையில் தாங்களே வெட்டிப் பொருத்திய காற்று மூடி என்றால் கதை மாறும். அதற்குப் பீலியும் இல்லை, குழாயும் இல்லை. அங்கே அடைப்புத்தான் மருந்து. ஆனால் பழைய பசைக்கு மேலே புதுப்பசை அப்பாமல், முழுதாகக் கழற்றித் துடைத்து, சட்டத்துக்கும் தகரத்துக்கும் இடையில் பியூற்றைல் ரேப், அதாவது பசைபோல ஒட்டுகிற மெத்தென்ற றபர்ப் பட்டி, வைத்து ஆணியை இறுக்க வேண்டும்.

ஒழுகுவது சன்ரூப்தானா என்பதையும் ஒருக்கால் பாருங்கள். கூரைக் கரியர் ஆணி, தகரம் பொருந்துகிற தவாளிப்பின் வெடிப்பு, இவையும் ஒழுகும். தெரிந்த ஒருவர் சன்ரூப் றபர் தேடி வவுனியாவெல்லாம் அலைந்தார். கடைசியில் பார்த்தால், பின்பக்கக் கூரை ஏசியின் வடிகுழாய் அடைபட்டிருக்கிறது. சித்திரை வெயிலில், ஏசி போட்டால் மட்டும் ஒழுகுகிற சன்ரூப் உலகத்தில் கிடையாது.

ஒழுக்கு நின்ற பிறகு எல்லாரும் விடுகிற வேலை, காயவைப்பது. காப்பெற் மேலே காய்ந்திருக்கும், அடியில் இருக்கிற பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும். நான் கட்டிலைத் தூக்கிக் காப்பெற்றை உரித்தபோது தகரம் செம்மண் நிறத்தில் இருந்தது, விரலால் தட்ட உதிர்ந்தது. துருவைத் தேய்த்து, பிறைமர் அடித்து, பஞ்சை வேலியில் மூன்று நாள் போட்டேன். கட்டில் பலகையிலும் இப்போது கை நுழையுமளவு நாலு ஓட்டை போட்டிருக்கிறேன், மெத்தைக்குக் கீழே காற்று ஓட.