அபுசேனி மலையில் குகை தேட ஓடையின் பின்னால் போங்கள்

ருமேனியாவின் மேற்கே இருக்கும் அபுசேனி மலைத்தொடரில் மிக உயர்ந்த சிகரமே 1849 மீட்டர்தான். முதல் தடவை போனபோது நான் உச்சியைப் பார்த்தே நடந்தேன். பொழுது போனதே தவிர, ஒரு குகை கூடக் கண்ணில் படவில்லை. இந்த மலையின் அழகு தரைக்கு அடியில் இருக்கிறது.

வரைபடத்தை விரித்ததும் நீலக் கோடுகளைத் தேடுங்கள். நன்றாக வந்துகொண்டிருக்கும் ஓடை எந்த ஆற்றிலும் சேராமல் சட்டென்று முடிந்துபோகும். அங்கேதான் சுண்ணாம்புப் பாறை தொடங்குகிறது. மணற்கல் மேல் ஓடிவந்த தண்ணீர் இங்கே விரிசல்களில் இறங்கி, பாறையைக் கரைத்து வழி பண்ணிக்கொள்கிறது. உள்ளூர்ச் சொற்கள் சிலவற்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'பொனோர்' தண்ணீர் உள்ளே போகும் வாய், 'இஸ்புக்' வெளியே வரும் ஊற்று, 'பெஷ்தெரா' குகை. 'அவென்' என்று போட்டிருந்தால் செங்குத்தான குழி. விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

பழகிப் பார்க்கப் பதிஷ் பீடபூமியை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. போயானா பொனோர் என்ற புல்வெளியில் ஓடை வளைந்து வளைந்து வந்து, ஓரத்தில் கற்களுக்கு நடுவே மறைகிறது. மண்டியிட்டுக் காது கொடுத்தேன். குடத்தில் தண்ணீர் நிரம்புவது போல ஒரு சத்தம். பனி உருகும் காலத்தில் அந்த வாய் விழுங்க முடியாமல் புல்வெளியே ஏரியாகிவிடும். அதே தண்ணீரைத்தான் அடுத்து செததீலே பொனோருலுய் குகையில் பார்ப்பீர்கள். வாசலே 70 மீட்டருக்கு மேல் உயரம்! அங்கிருந்து மறுபடி மறைந்து, கல்பேனா ஊற்றில் வெளியே வருகிறது. இதே வரிசையில் நடங்கள், அப்போதுதான் புரியும். மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். பாறை வழுக்கும், உள்ளே தண்ணீரும் ஏறியிருக்கும்.

அப்புறம், ஸ்கரிஷோவாரா பனிக்குகை. இங்கே இறங்கித் தங்கியிருப்பது குளிர்காற்று. குளிர்காலத்தில் 48 மீட்டர் ஆழக் குழிக்குள் கனமான காற்று இறங்கிவிடுகிறது. கோடையின் லேசான காற்றால் அதை வெளியே தள்ள முடியாது. அதனால்தான் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய பனிக்கட்டி கரையாமல் கிடக்கிறது. 1920இல் க்ளூஜ் நகரில் உலகின் முதல் குகையியல் நிறுவனத்தைத் தொடங்கிய எமில் ராக்கோவித்சா ஆராய்ந்த குகை இது.

ஜூலையாக இருந்தாலும் ஸ்வெட்டரும் கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புப் படியில் பாதி இறங்கும்போதே கைப்பிடி ஜில்லிடும். கீழே போனதும் வாயிலிருந்து புகை வரும்.