பீகிள்போன் பிளாக்கில் பின்களைப் பங்கிடுவது எப்படி

வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையில் செய்துகொண்டிருந்தேன். வெப்ப உணரியைப் படிக்கும் மேக்ஸ்31865 சில்லுக்கு எஸ்பிஐ0 வேண்டும். நேரம் சொல்லும் டிஎஸ்3231 கடிகாரத்துக்கு ஐ2சி1 போதும் என்று நினைத்தேன். எஸ்பிஐ, ஐ2சி இரண்டும் சில்லுகளோடு தரவு பரிமாறும் கம்பித் தொகுப்புகள். இரண்டுக்கும் கம்பி இழுக்கப் போனபோதுதான் தெரிந்தது: பலகை ஓரத்தில் உள்ள பி9 என்ற பின் வரிசையின் 17, 18 ஆம் பின்களை இருவருமே கேட்கிறார்கள்.

இதற்குக் காரணம் பலகையில் உள்ள ஏஎம்335எக்ஸ் செயலி. அதன் ஒவ்வொரு பின்னுக்கும் பின்னால் ஒரு ரெஜிஸ்டர், அதாவது அமைப்பைச் சேமிக்கும் சிறு இடம், இருக்கிறது. அதன் கடைசி மூன்று பிட்கள் 0 முதல் 7 வரை எந்த வேலை என்பதைத் தீர்மானிக்கின்றன. 17 ஆம் பின் 0 என்றால் எஸ்பிஐ0 தேர்வுக் கம்பி, 2 என்றால் ஐ2சி1 கடிகாரத் துடிப்புக் கம்பி, 7 என்றால் சாதாரண ஜிபிஐஓ (பொது உள்ளீடு-வெளியீட்டுப் பின்). ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

ஆகவே நிரல் எழுதும் முன் பென்சிலும் தாளும் எடுங்கள். இடப்பக்கம் பின் எண், வலப்பக்கம் அதைக் கேட்கும் சாதனங்கள். ஒரே வரியில் இரண்டு பெயர் வந்தால் ஒருவரை இடம் மாற்றுங்கள். நான் கடிகாரத்தை 19, 20 ஆம் பின்களில் உள்ள ஐ2சி2க்கு மாற்றினேன். அங்கே விரிவாக்கப் பலகைகளின் நினைவகங்களுக்குப் பதினாறு நிலை எண்ணில் 54 முதல் 57 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டுள்ளன, டிஎஸ்3231 இன் முகவரி 68, மோதல் இல்லை. கடிகாரத் தொகுதிக்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுங்கள். இந்தச் செயலியின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கா.

அடுத்தது டிவைஸ் ட்ரீ, அதாவது பலகையில் என்னென்ன சாதனங்கள் எப்படி இணைந்துள்ளன என்று லினக்ஸ் கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு. அதில் பின்களின் வேலையைக் குறிக்கும் பின்கண்ட்ரோல் பகுதியில் எஸ்பிஐ0க்கு ஒரு குழு எழுதி, 17, 18, 21, 22 ஆகிய நான்கு பின்களையும் பயன்முறை 0 இல் வையுங்கள். பிறகு எஸ்பிஐ0 முனையில் (அந்தச் சாதனத்துக்குரிய பகுதியில்) 'டிஃபால்ட்' என்ற நிலைக்கு அந்தக் குழுவைச் சுட்டி, முனையை இயக்குங்கள். சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவருக்குள் ரெஜிஸ்டரை நேரடியாகத் தொடாதீர்கள். 2013 இல் வந்த 3.9 கெர்னலிலிருந்து, டிரைவரின் தொடக்கச் செயல்பாடான புரோப் அழைக்கப்படும் முன்பே கெர்னல் இந்த 'டிஃபால்ட்' நிலையைத் தானே அமைத்துவிடுகிறது. டிரைவரில் எழுதி வைத்தால் அடுத்த பலகைக்கு அதே டிரைவர் உதவாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

இனி என் இரண்டு நாள்களைத் தின்ற இடம். எஸ்பிஐ கடிகாரத் துடிப்பைச் செயலிதானே அனுப்புகிறது என்று 22 ஆம் பின்னை வெளியீடாக மட்டும் அமைத்தேன். ஆசிலோஸ்கோப்பில் கடிகாரத் துடிப்பு அழகாகத் தெரிந்தது, சில்லும் பதில் அனுப்பியது, ஆனால் டிரைவர் படித்ததெல்லாம் பூஜ்யம். இந்தச் செயலி தான் அனுப்பிய துடிப்பையே பின் வழியாகத் திரும்ப வாங்கித்தான் உள்ளே வரும் தரவைப் பதிகிறது. ஆகவே அந்தப் பின்னில் உள்ளீட்டு பிட்டும் இயங்க வேண்டும். ஐ2சி கம்பிகள் இரண்டுக்கும் இதே விதிதான்.

இதை டிரைவர் நிரலைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ரெஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். கெர்னலின் உள்நிலையைக் கோப்புகளாகக் காட்டும் டிபக்எஃப்எஸ்ஸில் பின்கண்ட்ரோல் கோப்புறைக்குள் 'பின்ஸ்' என்ற கோப்பைத் திறங்கள். 22 ஆம் பின்னின் ரெஜிஸ்டர், ரெஜிஸ்டர் வரிசையின் தொடக்கத்திலிருந்து 336 பைட் தள்ளி இருக்கிறது. பின்னுக்கு 4 பைட் என்பதால் கெர்னல் அதை 84 என்று அழைக்கும். பதினாறு நிலை எண்ணில் அங்கே 30 இருந்தால் உள்ளீடு, மேலிழுப்பு, பயன்முறை 0 என்று பொருள். என்னிடம் 08 இருந்தது.

பக்கத்திலேயே 'பின்மக்ஸ்-பின்ஸ்' என்ற கோப்பு எந்தப் பின்னை யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும். கெர்னல் பதிவில் 87 ஆம் பின் (பி9 இன் 17) ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது, பிழை -22 என்று வந்தால் இதைப் பாருங்கள். பீகிள்போனுக்கான பல டெபியன் லினக்ஸ் பதிப்புகளில், கட்டளை வழியே பின்னை மாற்ற உதவும் துணை முனைகள் பி8, பி9 வரிசைகளின் பின்களை முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கும். டிவைஸ் ட்ரீயின் மேல் சேர்க்கும் கோப்பான உங்கள் ஓவர்லேயில் அந்தந்தப் பின்னின் துணை முனையை முதலில் முடக்குங்கள். பி8 வரிசையில் திரை இணைப்பான எச்டிஎம்ஐயும் உள் சேமிப்பகமான இஎம்எம்சியும் பிடித்த பின்கள் தனி; இஎம்எம்சியிலிருந்து பலகை துவங்குகிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

பி8 இன் 31 முதல் 46 வரையிலான பின்களில் இன்னொரு கவனம் தேவை. மின்சாரம் வந்தவுடன் செயலி அவற்றின் நிலையைப் படித்துத்தான் எங்கிருந்து துவங்குவது என்று முடிவெடுக்கிறது. அப்போது டிவைஸ் ட்ரீ எல்லாம் வந்திருக்காது. உங்கள் சென்சார் அந்தக் கம்பிகளில் ஒன்றை இழுத்துப் பிடித்திருந்தால் பலகை எழாமலே போகலாம். அப்படி நின்றுவிட்டால் மென்பொருளைத் தேடும் முன் அந்தக் கம்பிகளைக் கழற்றிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.