ஸ்டோர் ரூம் விளக்கைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு எல்இடி

சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீட்டு ஸ்டோர் ரூமுக்குச் சன்னல் கிடையாது. அம்மா அரிசி எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். விளக்கு உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சுவரிலுள்ள 230 வோல்ட் வயரைத் தொடவே வேண்டாம். வெளிச்சத்தை மட்டும் கவனித்து, கதவுக்கு வெளியே ஓர் எல்இடியை எரியவைக்கும் சின்ன சர்க்யூட் போதும்.

தேவையானவை: எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) ஒன்று, பிசி547 டிரான்சிஸ்டர், சிவப்பு எல்இடி, 1 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு, 470 ஓம் ஒன்று, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், கொஞ்சம் வயர். தேக்காவிலிருந்து நடந்தே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவருக்குப் போய்விடலாம். இதெல்லாம் அங்கே கிடைக்கும்.

எல்டிஆரின் மின்தடை இருட்டில் 10 லட்சம் ஓம் அளவுக்கு ஏறும், அறை வெளிச்சத்தில் சில ஆயிரமாக இறங்கும். எல்இடியை அதோடு நேரே இணைத்தால் மங்கலாகத்தான் எரியும். டிரான்சிஸ்டரோ அந்தச் சிறு மின்னோட்டத்தை வைத்தே பெரியதைத் திறந்துவிடும்.

பிசி547-இன் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு எண்ணுள்ள டிரான்சிஸ்டரில் வரிசை மாறும், கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரியின் பிளஸிலிருந்து 470 ஓம், அப்புறம் எல்இடியின் நீளக் கால். குட்டைக் கால் கலெக்டருக்கு. எமிட்டர் மைனஸுக்கு. மறுபடி பிளஸிலிருந்து ஒரு 1 கிலோஓம், அதன் மறுமுனையில் எல்டிஆர், அங்கிருந்து பேஸ். இன்னொரு 1 கிலோஓம் பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவே. எல்டிஆரோடு உள்ள ரெசிஸ்டரை விட்டுவிடாதீர்கள். கடும் வெயில் பட்டால் பேஸுக்குள் அளவுக்கு மீறி மின்சாரம் பாயாமல் தடுப்பது அதுதான்.

மேசையில் வைத்தால் எல்இடி எரிய வேண்டும். எல்டிஆரைப் பேனா மூடியால் மூடினால் அணைய வேண்டும். விரலால் மூடிப் பார்க்காதீர்கள், விரல் வழியாகவும் வெளிச்சம் கசியும். எரியவே இல்லையென்றால் முதலில் எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மங்கலான விளக்குக்கும் எரிய வேண்டுமா? பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவிலுள்ளதை எடுத்துவிட்டு 10 கிலோஓம் போடுங்கள்.

சரியாக வேலை செய்தால் எல்டிஆரை மட்டும் நீள வயரில் உள்ளே கொண்டுபோய், முகம் விளக்கைப் பார்க்க ஒட்டுங்கள்; கதவிடுக்கு வெளிச்சம் அதன்மேல் விழக்கூடாது. எல்இடி வெளியே, அம்மாவின் கண்ணுயரத்தில். இருட்டில் இந்த சர்க்யூட் எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம், அதனால் தனியாக சுவிட்ச் தேவையில்லை.