மாணவர்களுடன் கோலாலம்பூரில் ஒரு மெர்டேக்கா நடை: திட்டமிட்டு நடத்துவது எப்படி

மெர்டேக்கா (சுதந்திர) நாள் வரும் ஆகஸ்டு பிறந்தால் மலேசியப் பள்ளிகளில் கொடி வரைவார்கள், மாறுவேடம் போடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். சுதந்திரத்துக்காக மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனங்களும் எதை விட்டுக்கொடுத்து எதைப் பெற்றன என்ற கேள்வி மட்டும் எழாமலே போய்விடும். அந்தப் பேரத்தின் தடயங்கள் கோலாலம்பூரின் நடுப்பகுதியில், ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. பாதிக்கு மேல் சாலைப் பெயர்ப்பலகைகளிலேயே எழுதியிருக்கிறது.

புறப்படும் முன்

இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 5 வரையிலான மாணவர்களுக்கு ஏற்ற நடை இது. தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துச் செல்வதென்றால் புடு சிறை நிறுத்தத்தை விட்டுவிடுங்கள். 24 பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தையும் பள்ளி வழியான அனுமதியையும் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு மாணவரிடமும் குறைந்தது 10 ரிங்கிட் இருப்புள்ள டச் அண்ட் கோ பயண அட்டை இருக்க வேண்டும். இருப்பு இல்லாத ஒரே அட்டையால் மொத்தக் குழுவும் எல்.ஆர்.டி. ரயில் வாயிலில் கால் மணி நேரம் நிற்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, எளிதில் கழற்றக்கூடிய காலணி. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் 7.45-க்குத் தொடங்கி 12.30-க்குள் முடிக்கப் பாருங்கள்.

ஆகஸ்டின் கடைசி வாரம் வேண்டாம். சுதந்திர நாள் அணிவகுப்பு டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் நடக்கும் ஆண்டுகளில் ஒத்திகைக்காகச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஜூலைக் கடைசியே நல்லது. வெள்ளிக்கிழமையையும் தவிர்த்தால் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலை உள்ளே சென்று பார்க்கும் வாய்ப்பு கூடும்.

கையேடு ஒரு தாள் போதும். ஒரு பக்கத்தில் வரைபடம். மறுபக்கத்தில் சாலைகளின் பழைய பெயரும் புதிய பெயரும்: பத்து ரோடு – ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான்; ஹை ஸ்திரீட் – ஜாலான் துன் எச்.எஸ். லீ; ஃபோஷ் அவென்யூ – ஜாலான் துன் டான் செங் லோக்; பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடு – ஜாலான் துன் சம்பந்தன். முதல் சாலையின் புதிய பெயரிலேயே ஆசிரியர்களும் இடறுவார்கள். அது முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் பெயர் அல்ல. நெகிரி செம்பிலானிலிருந்து வந்த முதல் மாமன்னரின் பெயர்; ரிங்கிட் நோட்டில் இருப்பதும் அவர் முகம்தான்.

டத்தாரான்

மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897-இல் முடிந்தது. எதிரே இருப்பது வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடிய சிலாங்கூர் கிளப் திடல். 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் இறங்கியது இங்கே. துங்கு கையை உயர்த்தி நிற்கும் புகழ்பெற்ற படம் இந்த இடத்தில் எடுத்தது அல்ல, மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கத்தில் எடுத்தது. இதை இங்கேயே சொல்லிவிட்டால் அரங்கத்துக்குப் போகும் ஆவலும் வரும்.

கொடியைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. அன்று ஏறிய கொடியில் 11 கோடுகளும் 11 முனை நட்சத்திரமும் இருந்தன. சுதந்திரம் பெற்றது மலாயா. மலேசியா உருவாகி 14 கோடுகள் வந்தது 1963-இல். கொடிக்கு ஜாலூர் கெமிலாங் என்ற பெயர் வந்தது 1997-இல். பள்ளிக் கண்காட்சிகளில் 1957 என்று எழுதி 14 கோடு வரைவது ஆண்டு தவறாமல் நடக்கும் பிழை.

எச்.எஸ். லீ சாலை

லெபோ பசார் பெசார் வழியாக ஆற்றைத் தாண்டி மேடான் பசார் வந்து, பதினைந்து நிமிடத்தில் மகாமாரியம்மன் கோயிலை அடையலாம். கோயில் 1873-இல் எழுந்தது. எதிர்ச்சாரியில் சில அடிகளிலேயே குவான் டி சீனக் கோயில். பெரும்பாலான வழிகாட்டிகள் "பாருங்கள், நல்லிணக்கம்" என்று படம் எடுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு கோயில் அருகருகே இருப்பதால் மட்டும் ஒப்பந்தம் பிறந்துவிடாது. சாலைப் பெயரைக் காட்டுங்கள். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் நடந்தபோது சிலாங்கூர் ம.சீ.ச. (மலாயா சீனர் சங்கம்) தலைவராக இருந்த எச்.எஸ். லீ, மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் நகரக் கிளையுடன் கைகோத்தார். 12 இடங்களில் 9 அந்தக் கூட்டுக்குக் கிடைத்தது. எல்லா இனத்தையும் ஒரே கட்சிக்குள் சேர்க்க முயன்ற டத்தோ ஓன் ஜாஃபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு 2 இடமே. ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) அப்போது ஓன் பக்கம் நின்றது. அம்னோ–ம.சீ.ச. கூட்டணிக்குள் வந்தது 1954-இல். இதை மறைக்க வேண்டாம். எந்த வழி சரி என்பதில் அன்று எல்லாருக்குமே குழப்பம் இருந்தது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

கோயில் நடைபாதையில் கூட்டமாக நின்று பேசாதீர்கள். பூக்கடைக்காரர்களுக்கு வழி மறிக்கும். பேச்சைப் பசார் செனி முன்னுள்ள திறந்தவெளியில் வைத்துக்கொள்வது வசதி.

புளியங்கொட்டைக் கணக்கு

இந்த நடையின் உயிர் இதுதான். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு 52 புளியங்கொட்டை கொடுங்கள். 1955 ஜூலையில் நடந்த முதல் பொதுத்தேர்தலின் 52 தொகுதிகள் அவை. வாக்காளர்களில் ஏறக்குறைய 84 விழுக்காடு மலாய்க்காரர், 11 சீனர், 5 இந்தியர் என்று மட்டும் சொல்லுங்கள். வேட்பாளர் இடங்களை மூன்று கட்சிகளுக்கும் பங்கிட அவர்களுக்குப் பத்து நிமிடம்.

பெரும்பாலும் 44, 6, 2 என்ற கணக்கை ஒட்டியே வரும். வாக்காளர் விகிதத்தை அப்படியே பெருக்கினால் கிடைப்பது அது. உண்மையில் கூட்டணி நிறுத்தியது 35 மலாய்க்காரர், 15 சீனர், 2 இந்தியர். 51 இடங்களில் வென்றது. சீன, இந்திய வேட்பாளர்கள் வென்றது பெரும்பாலும் மலாய் வாக்குகளால்.

இங்கே இரண்டு சிக்கல் வரும். முதலாவது, "நமக்கு ரெண்டுதானா?" என்ற முணுமுணுப்பு. அதை அடக்காமல் அடுத்த கேள்விக்குத் திருப்புங்கள்: மக்கள்தொகையில் சீனர்களும் இந்தியர்களும் இவ்வளவு குறைவா? இல்லை. பலருக்குக் குடியுரிமை இல்லை, அதனால் வாக்கும் இல்லை. அங்கிருந்து 1957 அரசியலமைப்புக்குப் போய்விடலாம். மெர்டேக்கா நாளிலிருந்து நாட்டில் பிறப்பவர்களுக்குக் குடியுரிமை என்று அம்னோ இசைந்தது. மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையையும், மலாய் தேசிய மொழி என்பதையும் மற்றவர்கள் ஏற்றனர். இரண்டாவது சிக்கல், ஒரு குழு பேரத்தை விளையாட்டாக்கிக் கொட்டைகளைப் பிடுங்கிக்கொள்வது. ஆளுக்கொரு நிமிடம் பேச்சு, பிறகுதான் கொட்டையைத் தொடலாம் என்று விதி வைத்தால் அடங்கும்.

மெர்டேக்கா அரங்கம்

கோயிலிலிருந்து ஜாலான் ஹாங் ஜெபாட் வழி பதினைந்து நிமிடம், லேசான மேடு. உள்ளே போக முன்னதாகவே விசாரித்து அனுமதி பெறுங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. 1957 ஆகஸ்டு 31 காலை, பிரிட்டிஷ் அரசியின் சார்பில் குளோஸ்டர் கோமகன் ஆவணத்தை ஒப்படைக்க, துங்கு பிரகடனத்தை வாசித்து ஏழு முறை "மெர்டேக்கா" முழங்கினார். பக்கத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் நிற்பதால் கண்ணெல்லாம் அங்கேதான் போகும். முதலில் படம் எடுக்க ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு பேசத் தொடங்குங்கள்.

1969 மே 13-ஐ எங்கே சொல்வது என்று தயங்குவோர் உண்டு. இங்கேயே சொல்லலாம், படிவம் 3-க்கு மேற்பட்டவர்களிடம். நீட்ட வேண்டாம்: மே 10 தேர்தல், மூன்றாம் நாள் தலைநகரில் கலவரம், அதிகாரபூர்வக் கணக்கில் 196 உயிர்கள், 1971 வரை முடங்கிய நாடாளுமன்றம். ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு 1970 ஆகஸ்டு 31-இல் வந்ததற்கு அதுவே காரணம். வாரந்தோறும் பள்ளியில் ஒப்பிக்கும் ஐந்து வரிகள் எங்கிருந்து வந்தன என்று அப்போது புரியும். யார் தொடங்கியது என்ற வாதத்துக்குள் மட்டும் இறங்காதீர்கள்.

புடுவிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ்

பழைய புடு சிறையில் நுழைவாயில் மட்டும் எஞ்சியிருக்கிறது; பின்னால் பேரங்காடி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-இல் இங்கே தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. தண்டனையைக் குறைக்கும்படி நேருவின் அரசாங்கம் கேட்டும் பலனில்லை. சுதந்திரத்துக்கு லண்டன் பேச்சுவார்த்தை தவிர வேறு பாதைகளும் இருந்தன. பல இன அமைப்புகள் சேர்ந்து மக்கள் அரசியலமைப்பு ஒன்றை எழுதி 1947 அக்டோபர் 20-இல் நாடெங்கும் ஹர்த்தால் நடத்தின. தோற்றவர்களையும் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

ஹாங் துவா நிலையத்தில் மோனோரயில் ஏறுங்கள். அடுத்த நிலையம் மகாராஜாலேலா: பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் 1875-இல் கொல்லப்பட்டதற்காகத் தூக்கிலிடப்பட்ட பேராக் தலைவரின் பெயர். அதற்கடுத்தது துன் சம்பந்தன். இறங்கி, வாழையிலைச் சாப்பாட்டுக்கு முன் ம.இ.கா. தலைவராக இருந்த அவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, துண்டாடலில் நம் மக்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குத்தொகை திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்.

மொத்தக் குழுவுக்கான சாப்பாட்டை முதல்நாளே கடையில் சொல்லி வையுங்கள். சனிக்கிழமை மதியம் இடம் கிடைப்பது கடினம்.

வீட்டுப்பாடமாக ஒன்று போதும். தாத்தா பாட்டியிடம் கேட்டு வரட்டும்: குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை உங்களுக்கு எந்த ஆண்டில் கிடைத்தது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை வைத்திருந்தீர்களா, எத்தனை முறை விண்ணப்பித்தீர்கள்? பதிலைக் கைப்பேசியில் குரலாகப் பதிவு செய்யலாம். அட்டையைப் படம் எடுக்க வேண்டாம்; எண் வெளியே போகக்கூடாது. இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் பாட்டி எந்த வீட்டிலாவது இருந்தால் அதை வகுப்பில் வாசிக்கவைக்காமல், பெற்றோரிடம் தனியாகப் பேசி தேசியப் பதிவு இலாகாவுக்கு வழி சொல்லுங்கள்.