கான்ஸ்டபிளின் 'தி ஹே வெய்ன்': நிலக்காட்சி ஓவியத்தைப் பார்க்கப் பழகுதல்

ரொமாண்டிக் கால (உணர்ச்சிக்கும் இயற்கைக்கும் முதன்மை தந்த, 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான கலைக்காலம்) நிலக்காட்சி ஓவியங்களை ரசிக்கப் பழக விரும்புவோர், ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் தீட்டிய 'தி ஹே வெய்ன்' (உலர்புல் ஏற்றும் வண்டி) ஓவியத்திலிருந்து தொடங்கலாம். அசல், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ 185 செ.மீ. என்பதால், படத்தைக் கைப்பேசியில் பார்க்காமல் கணினித் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதல் படி: விளக்கம் எதையும் படிக்காமல், கண்ணில் படுவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆழமற்ற நீரில் நிற்கும் காலி வண்டி, குதிரைகள், இடப்புறம் ஒரு வீடு, கரையில் ஒரு நாய் ஆகியவை உடனே தெரியும். வலப்புறப் புதரோரம் இருக்கும் மீனவரும், வீட்டருகே நீர்த்துறையில் குனிந்திருக்கும் பெண்ணும், தொலைவில் வெயில் படர்ந்த வெளியில் புல் அறுப்போரும் மெல்லத்தான் தென்படுவார்கள். அவர்களைக் கண்ட பிறகே, காலி வண்டி எங்கே சுமை ஏற்றப் போகிறது என்பது புரியும்.

இரண்டாம் படி: வானத்தைப் பாருங்கள். நிலக்காட்சியின் உணர்வைத் தாங்குவது வானமே என்று கான்ஸ்டபிள் கருதினார். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் மேகங்களை மட்டுமே பல முறை தீட்டிப் பழகியவர் அவர். மேகம் விலகிய இடத்துக்கு நேர்கீழே எந்த நிலம் ஒளிர்கிறது, எது நிழலில் கிடக்கிறது என்று ஒப்பிட்டால், இந்த ஓவியத்தின் காற்றும் ஈரமும் பிடிபடும். அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான்.

மூன்றாம் படி: நிறங்கள். மரம், புல், நீரின் பிரதிபலிப்பு ஒவ்வொன்றிலும் பச்சை வேறுபடுவதையும், குதிரைகளின் சேணத்திலுள்ள சிறிது சிவப்பு அந்தப் பச்சைகளைத் துலக்குவதையும் கவனியுங்கள்.

நான்காம் படி: இனி வரலாற்றைப் படிக்கலாம். படத்திலுள்ள இடம், இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் மாவட்டங்களின் எல்லையில் ஓடும் ஸ்டவர் ஆற்றங்கரையிலுள்ள ஃப்ளாட்ஃபோர்டு. அங்குள்ள ஆலை ஓவியரின் தந்தை நடத்தியது, படத்திலுள்ள வீடு வில்லி லாட் என்ற உழவருடையது. புயலையும் இடிபாடுகளையும் ஓவியர்கள் பலர் நாடிய காலத்தில், அன்றாட உழைப்பு நடக்கும் தன் சொந்த மண்ணையே இவ்வளவு பெரிய திரைச்சீலையில் தீட்டியதுதான் கான்ஸ்டபிளின் துணிவு என்று நான் கருதுகிறேன். லண்டனில் முதலில் விலைபோகாத இந்த ஓவியம், 1824-இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

ஐந்தாம் படி: லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள இதே அளவு முன்வரைவை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். முன்வரைவின் முன்பகுதியில் குதிரைமீது இருக்கும் உருவம் இறுதி ஓவியத்தில் இல்லை; அது நீங்கியதால் உங்கள் பார்வை வண்டியை நோக்கி எப்படி நகர்கிறது என்பதை எழுதிப் பாருங்கள்.