நோஞ்சான் ரோஜாச் செடியை எங்கே வெட்டுவது, எங்கே விடுவது

ரோஜாக் கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதில், பலரும் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு. தடித்த கிளையை ஒட்ட வெட்டிவிட்டு, ஒல்லிக் கிளையைப் பாவம் என்று விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். தடித்த கிளையில் அடியிலிருந்து நாலு முதல் ஆறு கணு விடலாம், மெலிந்த கிளையில் இரண்டு முதல் நாலு கணு போதும், அப்போதுதான் அடுத்த தளிர் கொஞ்சம் தடிமனாக வரும். குச்சி மாதிரி நிற்கிற கிளைகளை அடியோடு எடுத்துவிடலாம்.

ஆனால் செடியே மொத்தமாக நோஞ்சானாக, நாலு இலையோடு நிற்கிறது என்றால் இந்த விதியை அப்படியே போடாதீர்கள். காய்ந்ததையும் கருகியதையும் மட்டும் எடுத்துவிட்டு, இருக்கிற பச்சை இலை அத்தனையும் விடுங்கள். முதலில் செடி தேறட்டும், கவாத்து அப்புறம்.

ஏன் தேறவில்லை என்று பார்க்க, தொட்டியிலிருந்து செடியை மெதுவாகச் சாய்த்து எடுத்துப் பாருங்கள். நர்சரியிலிருந்து வரும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றி இறுகிப்போன களிமண் உருண்டை இருக்கும், நாம் எவ்வளவு நல்ல மண் கலவை போட்டாலும் வேர் அந்த உருண்டையை விட்டு வெளியே வராது, ஊற்றும் தண்ணீரும் பக்கவாட்டில் வழிந்து கீழே போய்விடும். உருண்டையை வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, விரலால் ஓரங்களை மட்டும் கரைத்துவிட்டு, செம்மண், மக்கிய தொழு உரம், கொஞ்சம் மணல் கலந்து திரும்ப நடுங்கள். நட்டு ஒரு வாரம் அரை நிழல், பிறகு தினமும் ஆறு மணி நேரமாவது வெயில். வெயில் இல்லாத பால்கனியில் எந்த உரம் போட்டும் ரோஜா தேறாது, இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்து ஒட்டுக் கட்டிய இடம். தண்டின் அடியில் முடிச்சுபோல் புடைத்திருக்கும். அதற்குக் கீழிருந்து ஒரு தளிர் வேகமாகக் கிளம்பி, மேலே உள்ள நல்ல ரகம் சோர்ந்து நின்றால், சத்தெல்லாம் அடிச்செடிக்கு, அதாவது நல்ல ரகத்தை ஒட்டுவதற்கு வேராக வைத்த செடிக்கு, போகிறது என்று அர்த்தம். ஒரே இலைக்காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் அடிச்செடி என்பார்கள், அதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு சிற்றிலை வரும். மண்ணை விலக்கி, தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பதுதான் சரி. கீழிருந்து வந்திருந்தால், பிறந்த இடத்திலேயே பிய்த்து எடுங்கள். மேலாக வெட்டினால் இன்னும் நாலாகக் கிளைக்கும்.

சமவெளியில் கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். மழை பெய்கிற நாளில் மட்டும் வேண்டாம். கத்தரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, வெளிப்பக்கம் பார்த்திருக்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கணுவின் எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டுங்கள். வெட்டியதும் தண்டின் நடுவைப் பாருங்கள். வெண்மையாக இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் நோய் இன்னும் கீழே இருக்கிறது, வெண்மை தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வெட்டுங்கள், பாதியில் நிறுத்தினால் கருகல் மறுபடி கீழே இறங்கும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிடலாம். தண்டில் வெள்ளையாகச் செதில் பூச்சி ஒட்டியிருந்தால் பழைய டூத்பிரஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள்.

வெட்டிய கையோடு உரத்தைக் கொட்ட வேண்டாம். புதுத் தளிர் இரண்டு விரல் நீளம் வந்த பிறகு மண்புழு உரமும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் மண்ணைக் கிளறிப் போடுங்கள், வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை புளித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலை நன்றாக நீர்த்து ஊற்றலாம். கோடையில் இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி, காலையில் இலையடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே பாதி வைத்தியம்.

மனசு வராத வேலை ஒன்று பாக்கி. தேறி வரும் செடியில் முதலில் வரும் மொட்டுகளைப் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள். அடியிலிருந்து தடித்த, செந்நிறத் தளிர் ஒன்றாவது எழும்பும் வரை இப்படியே செய்யுங்கள். அதற்குப் பிறகு பூக்க விடலாம், பூவைப் பறிக்கும்போதும் காம்பை நீளமாக வெட்டாமல் இலைகளைச் செடியிலேயே விட்டுப் பறியுங்கள்.