வெளுத்த மான் கொம்புக்குப் பழுப்பு நிறம் ஏற்ற

வட அமெரிக்கக் காடுகளில் வெள்ளைவால் மான் ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்பு, வெயிலில் கிடந்தால் சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். அதற்கு மறுபடி பழுப்பு நிறம் ஏற்ற, நீரில் ஊதாவாகக் கரையும் படிகமான பொட்டாசியம் பெர்மாங்கனேட்டே போதும். மரச் சாயம் மேலோடு நின்று போலியாகத் தெரியும்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்து, இரண்டு நாள் உலரவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே நிறம் பிடிக்காது. ப்ளீச் வேண்டாம், கொம்பை அரித்துவிடும். ஒரு கப் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் பெர்மாங்கனேட் படிகம் கரைத்து, கையுறையோடு தூரிகையால் பூசுங்கள். ஊதாவாக இருப்பது சில நிமிடங்களில் மாங்கனீசு டை ஆக்சைடாகிப் பழுப்பாகும். அதனால் ஊதாவைப் பார்த்து அளவிடாதீர்கள்; காய்ந்தபின்தான் அடுத்த பூச்சு. நுண்துளை மிகுந்த கொம்பு திட்டுத்திட்டாக உறிஞ்சும், முன்பே லேசாக ஈரமாக்குங்கள். அடிப்பகுதிக்குக் கூடுதல் பூச்சு. முனைகளை 0000 எனும் மிக நுண்ணிய ரக எஃகுப் பஞ்சால் தேய்த்தால் தந்தவெண்மை தெரியும். கருத்துப்போனால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு கொஞ்சம் வினிகர் கலந்து துடைக்கலாம். விரிசலை எப்பாக்ஸிப் பசையால் அடைத்தால் அது இந்தச் சாயத்தை ஏற்காது. அக்ரிலிக் பெயின்ட் தொட்டு ஒப்பேற்ற வேண்டும். கடைசியில் மெழுகு.

படிகத்தைக் கிளிசரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தானே தீப்பிடிக்கும். இந்தியாவில் உதிர்ந்த கொம்பை எடுத்து வைத்திருப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.